அகமதாபாத் வெற்றிக்குப் பிறகு என்ன? நம்ம அண்டர்-17 பையன்கள் 17-லிருந்து 20 வயசுக்குள் எங்கே காணாமல் போகிறார்கள்

எட்டாம் நம்பர்

2025 நவம்பர் 30, அகமதாபாத். லெபனானிடம் 0-2 தோற்றுவிட்டு, ஈரானை ஜெயித்தே ஆகவேண்டும் என்ற நிலையில் இறங்கி, முதல் கோலையும் வாங்கிக்கொண்டு, அப்புறம் 2-1 என்று திருப்பி அடித்தார்கள் நம்ம பையன்கள். 2026 அண்டர்-17 ஆசியக் கோப்பைக்கு நேரடியாகத் தகுதி. சீனியர் அணி சிங்கப்பூரிடமும் பங்களாதேஷிடமும் தோற்ற அதே இலையுதிர் காலத்தில், இந்த ஒரு ஆட்டம்தான் மனசுக்கு ஆறுதல்.

ஆனால் நான் இழை ஆரம்பிப்பது கொண்டாட அல்ல. எனக்கு 2017 ஞாபகம் வருகிறது.

2017 உலகக் கோப்பை நம் நாட்டில் நடந்தது. அக்டோபர் 9, டெல்லி நேரு ஸ்டேடியம். கொலம்பியாவுக்கு எதிராக 0-1. 82-வது நிமிடம் சஞ்சீவ் ஸ்டாலின் கார்னர் எடுக்க, ஜீக்சன் சிங் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல் அது. அடுத்த நிமிடமே கொலம்பியாவின் பெனலோசா மறுபடி கோல் போட்டு 1-2 ஆக்கிவிட்டார். அதற்கு முன்னால் அமெரிக்காவிடம் 0-3, பின்னால் கானாவிடம் 0-4. மூன்றும் தோல்வி. ஆனால் மேட்ச் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் ரெண்டு ஆட்டத்தில் பையன்கள் ஸ்கோர் சொல்வதைவிட நன்றாக ஆடினார்கள். அமெரிக்காவுக்கு எதிராக அன்வர் அலி அடித்த பந்து கிராஸ்பாரில் பட்டுத் திரும்பியது, அதே மூச்சில் அவர்கள் எதிர்த்தாக்குதலில் மூன்றாவது கோல் போட்டார்கள். கொலம்பியா மேட்சில் ராகுல் கே.பி. அடித்தது போஸ்ட்டில் பட்டது.

அந்த 21 பேரில் இன்றைக்கு சீனியர் அளவில் நிலைத்தவர்கள் யார் யார்? ஜீக்சன், சுரேஷ் சிங், அபுயா, அன்வர் அலி. ரஹீம் அலி, அமர்ஜித், ராகுல் எல்லாம் தேசிய அணிப் பக்கம் வந்து போனார்கள். ஒரு அண்டர்-17 அணிக்கு இது மோசமான கணக்கு இல்லை, உலகத்தில் எங்குமே எல்லாரும் மேலே வருவதில்லை. என் கேள்வி வேறு. இவர்கள் மட்டும் ஏன் தப்பித்தார்கள்?

எனக்குத் தெரிந்த பதில்: 17 முடிந்த கையோடு அவர்களுக்குப் பெரிய ஆட்கள் கூட மோதுகிற மேட்ச் கிடைத்தது. உலகக் கோப்பை முடிந்த அடுத்த மாதமே அந்த அணியை அப்படியே, ஃபெடரேஷனே நடத்திய இந்தியன் ஆரோஸ் என்ற அணியாக, க்ளப்கள் மோதுகிற தேசிய லீகான ஐ-லீகில் இறக்கினார்கள். அகமதாபாத் பையன்களுக்கு ஆரோஸ் கிடையாது. 2022-லேயே மூடியாயிற்று. அப்புறம் இவர்கள் எங்கே ஆடுவார்கள்?

கார்னர் கொடி

நண்பா, ஆரோஸ் மேல் இவ்வளவு பாசம் வேண்டாம். 2017-18 ஐ-லீகில் கடைசி இடம். கடைசி இடம் வந்தாலும் கீழ் டிவிஷனுக்குத் தள்ளமாட்டோம் என்று முன்னமே உறுதி கொடுத்துத்தான் லீகில் சேர்த்தார்கள். தோற்றால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்து ஆடுகிற அணியில் என்ன பழக்கம் வரும்? பயிற்சி ஆட்டம் மாதிரிதான் அது. வளர்க்கிற வேலை க்ளப்புடையது. ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் ஃபெடரேஷன் ஒரு க்ளப் நடத்திப் பையன்களை லீகில் விடுகிறதா?

சுரேஷை ஆளாக்கியது பெங்களூரு எஃப்.சி., ஜீக்சனை கேரளா பிளாஸ்டர்ஸ், அபுயாவை நார்த்ஈஸ்ட் யுனைடெட். ஆரோஸுக்கு அதில் என்ன பங்கு?

எட்டாம் நம்பர்

கொடி, நீங்கள் சொன்ன மூன்று பேரையுமே எடுத்துக்கொள்வோம். சுரேஷும் அபுயாவும் 2019-ல்தான் க்ளப்புக்குப் போனார்கள், அதுவரை ரெண்டு சீசன் ஆரோஸ். ஜீக்சனை 2018-ல் பிளாஸ்டர்ஸ் எடுத்தது, எடுத்ததும் லோனில், அதாவது தற்காலிகமாக, திரும்ப ஆரோஸுக்கே அனுப்பியது. ஏன்? தன் அணியில் உடனே ஆட வைக்க முடியாது, சும்மா பெஞ்சில் உட்கார வைக்கவும் விருப்பமில்லை. அந்த ரெண்டு வருஷம் இல்லாவிட்டால் 2021 மார்ச்சில் ஓமனுக்கு எதிராக மூன்று பேரும் ஒரே மேட்சில் இந்திய சீனியர் சட்டை போட்டிருப்பார்களா?

தோற்றார்கள், சரி. ஆனால் முதல் மேட்சிலேயே நம்ம சென்னை சிட்டியை 3-0 என்று ஜெயித்தார்களே. அனிகேத் ஜாதவ் ரெண்டு கோல். எதிரணியில் இருந்தவர்கள் வளர்ந்த ஆட்கள், சிலர் வெளிநாட்டுக்காரர்கள். அதே டிசம்பரில் ஷில்லாங் லஜோங்குக்கு எதிராக நோங்டம்பா நவ்ரெம் ஆளுக்கு ஆள் தாண்டிப் போய் ஒரு கோல் போட்டார், அந்த வீடியோ பார்க்காத கால்பந்து ரசிகன் இல்லை. பயிற்சி மைதானத்தில் அந்தத் துணிச்சல் வராது.

டாஷ்கண்ட் ரசிகன்

கொடி அண்ணே, ஐரோப்பாவை விட்டுத்தள்ளுங்கள். அவர்களுக்கு ஊருக்கு ஊர் அகாடமியும் ரிசர்வ் லீகும் இருக்கு. நாம பார்க்க வேண்டியது உஸ்பெகிஸ்தான்.

2021-ல் அவர்கள் ஒலிம்பிக் டாஷ்கண்ட் என்று ஒரு க்ளப் ஆரம்பித்தார்கள். பெயர்தான் க்ளப், உண்மையில் இளையோர் தேசிய அணி. அதைத் தங்கள் சூப்பர் லீகில் இறக்கினார்கள். ஆரோஸ் யோசனையேதான், ஆனால் அவர்கள் முழு மனசோடு செய்தார்கள். 2023-ல் சொந்த மண்ணில் ஈராக்கை 1-0 ஜெயித்து அண்டர்-20 ஆசியக் கோப்பை. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸ். 2025-ல் அண்டர்-17 ஆசியக் கோப்பை, அதுவும் இறுதியில் சவூதிக்கு எதிராக ஒன்பது பேராக நின்று 2-0. 2026 சீனியர் உலகக் கோப்பைக்கு முதல் தடவையாகத் தகுதி. இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது தற்செயல் கிடையாது.

குசானோவை எடுத்துக்கோங்க. மான்செஸ்டர் சிட்டி 2025 ஜனவரியில் வாங்கிய டிஃபண்டர். அந்தப் பையன் பதின்ம வயதில் போனது பெலாரஸ் லீகுக்கு. யாரும் பார்க்காத லீக். ஆனால் வாரா வாரம் ஆடினான். அங்கிருந்து ஃபிரான்ஸில் லென்ஸ், அப்புறம் சிட்டி. நம்ம பையனுக்கு 18 வயசில் பெரிய க்ளப் ஒப்பந்தம் வந்தால் வீடே விழா எடுக்கும், அவன் அந்த வருஷம் எத்தனை நிமிடம் ஆடினான் என்று யாரும் கேட்கமாட்டோம்.

கார்னர் கொடி

உஸ்பெகிஸ்தான் உதாரணத்தை ஏற்கிறேன், அது வலுவானது. ஆனால் ஒன்று கவனியுங்கள்: அவர்கள் லீகே ஒழுங்காக நடக்கிறது. இங்கே நாட்டின் முதல்நிலை லீகான ஐ.எஸ்.எல்.லின் 2025-26 சீசன் எப்போது தொடங்கும் என்றே தெரியாமல் க்ளப்கள் காத்துக்கிடந்தன. சீனியர் லீகே தடுமாறும்போது அதில் சேர்க்க இன்னொரு ஆரோஸ் எங்கே? முதலில் அஸ்திவாரம்.

அதோடு, 2022-ல் மூடும்போது சொன்ன காரணத்தையும் நான் முழுசாகத் தள்ளமாட்டேன். முப்பது பேரை ஒரே இடத்தில் வைத்து வளர்ப்பதைவிட நாடு முழுக்க இளையோர் லீக் நடத்தலாம் என்றார்கள். யோசனை சரி. ரிலையன்ஸ் டெவலப்மென்ட் லீக் என்ற இளையோர் லீக் அதே 2022-ல்தான் கோவாவில் தொடங்கியது. முதல் வருஷத்தைவிட இப்போது அணிகள் எவ்வளவோ அதிகம்.

எட்டாம் நம்பர்

அணிகள் அதிகம், உண்மை. ஆனால் 19 வயசுக்காரன் 19 வயசுக்காரன் கூடவே மோதினால் 28 வயசு சென்டர் பேக் தோளால் இடிக்கும்போது என்ன செய்வது என்று எப்போது கற்றுக்கொள்வான்? என் வாதமே அந்த இடத்தில்தான் நிற்கிறது.

புதுவை ஃபிசியோ

எல்லாரும் 17-க்குப் பிறகு நடப்பதைப் பேசுகிறீர்கள். 17-க்கு முன்னால் யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதையும் கொஞ்சம் பேசவேண்டும், ஏனென்றால் காணாமல் போகிற பாதிப்பேர் அங்கேயே முடிவாகிவிடுகிறார்கள்.

அண்டர்-17 போட்டிகளில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். ஃபிஃபா 2009 நைஜீரியா உலகக் கோப்பையிலிருந்து இதைச் செய்கிறது. முன்கை எலும்பில், கட்டைவிரல் பக்கத்து எலும்பின் நுனியில், வளர்ச்சித் தட்டு ஒன்று இருக்கும். அது முழுசாக ஒட்டிப்போயிருந்தால் பையன் 17-ஐத் தாண்டியவன் என்று எடுத்துக்கொள்வார்கள். பிறப்புச் சான்றிதழ் என்ன சொன்னாலும் சரி. எக்ஸ்ரே வேண்டாம் என்று எம்.ஆர்.ஐ.க்குப் போனதற்குக் காரணம், ஆரோக்கியமான பிள்ளைகள் மேல் தேவையில்லாமல் கதிர்வீச்சு படக்கூடாது என்பதுதான்.

இதனால் வயசை மறைப்பது குறைந்தது. ஆனால் இந்தச் சோதனை பிடிக்காத ஒன்று இருக்கிறது. 2017 அணிக்கு 2000 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்திருக்க வேண்டும். ஜனவரியில் பிறந்தவனும் அதே வருஷம் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. 13, 14 வயசு ட்ரையல்ஸில் அந்தப் பதினோரு மாதம் என்பது உயரத்தில், ஓட்டத்தில், உதைக்கிற பலத்தில் பெரிய இடைவெளி. உலகம் முழுக்க இளையோர் அணிகளில் வருஷத்தின் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருப்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. முன்னமே வளர்ந்தவன் 15-ல் ராஜா. 19-ல் மற்றவர்கள் எட்டிப்பிடித்ததும், அவனிடம் பலத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்று தெரியவரும். மெதுவாக வளர்ந்த பையனோ 14-லேயே வெளியே அனுப்பப்பட்டு, எப்போதோ ஆட்டத்தை விட்டிருப்பான்.

என்னிடம் வருகிற பள்ளிப் பையன்களின் பெற்றோரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு ட்ரையல்ஸில் கழித்துவிட்டார்கள் என்று பந்தை எடுத்து உள்ளே வைக்காதீர்கள். ஜீக்சனையே முதல் பயிற்சியாளர் நிக்கோலாய் ஆடம் காலத்தில் எடுக்கவில்லை. மினர்வா க்ளப்பில் ஆடிக்கொண்டே இருந்தார். 2017-ல் போர்ச்சுகல்காரர் நோர்ட்டன் டி மாட்டோஸ் வந்த பிறகுதான் அணிக்குள் வந்தார். இந்தியாவின் முதல் உலகக் கோப்பை கோலை அடித்தவர், முதல் வடிகட்டலில் வெளியே நின்றவர்.

தூத்தூர்க்காரன்

ஃபிசியோ சார் சொன்னதைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல.

2017 அணியில மணிப்பூர்ல இருந்து மட்டும் எட்டு பேர். தீரஜ், போரிஸ், சுரேஷ், நிந்தோய், அமர்ஜித், ஜீக்சன், நோங்டம்பா, ஷாஜகான். முப்பது லட்சம் ஜனத்தொகை உள்ள மாநிலம். தமிழ்நாட்டுல இருந்து ஒருத்தர்கூட இல்ல. சஞ்சீவ் ஸ்டாலின் பேரைப் பார்த்து நம்ம பக்கத்துப் பையன்னு நிறையப் பேர் நினைச்சாங்க, அவர் பெங்களூரு.

எங்க கடற்கரையில வந்து பாருங்க. தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளை எல்லாம் பந்து ஓடாத சாயங்காலம் கிடையாது. மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைதான். ஆனா அவர் எந்த அண்டர்-17 முகாமையும் தாண்டி வந்தவர் இல்ல. கல்லூரி, சென்னை லீக், சென்னை சிட்டி, அப்புறம்தான் ஐ.எஸ்.எல். எங்க ஊர்ப் பையன் எல்லாருக்கும் அதுதான் வழி, இருபத்திரண்டு வயசுக்கு மேலதான் யாராவது கண்ணுல படுவான். மணிப்பூர்ப் பையன் 13 வயசுல அகாடமிக்குள்ள போயிடுறான்.

ஒரு தடவை எங்க ஊர்ல இருந்து பசங்களைக் கூட்டிக்கிட்டு ஒரு தேர்வு முகாமுக்குப் போனோம். நடத்துனவங்க ஆளுக்குப் பத்து நிமிஷம்கூடக் கொடுக்கல. இருபத்திரண்டு பேரை மைதானத்துல விட்டாங்க, பந்து தொடாமலே திரும்பின பசங்க உண்டு. ராத்திரி முழுக்க ரயில்ல வந்த புள்ளைங்க. அதுக்கப்புறம் அடுத்த வருஷம் வான்னு கூப்பிட்டா எந்த அப்பா அனுப்புவாரு? கடலுக்குப் போறதுக்கு ஒரு கை குறையுதேன்னுதான் யோசிப்பாரு.

எட்டாம் நம்பர் அண்ணன் கேக்குற கேள்வி, 17-க்கு அப்புறம் எங்க போறாங்கன்னு. எங்க கேள்வி, 17-க்குள்ள எப்படி வர்றதுன்னு.

மருதாணி

தூத்தூர்க்காரன் அண்ணா, ஆண்கள் அணியை வைத்துத்தான் தமிழ்நாடு இல்லை என்று சொல்கிறீர்கள். பெண்கள் பக்கம் திரும்புங்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று ஜெயித்துத் தமிழ்நாடு சீனியர் தேசியக் கோப்பையை வாங்கியது. 2023-ல் அமிர்தசரஸில் மறுபடி. மதுரை சேது எஃப்.சி. 2019-ல் இந்தியப் பெண்கள் லீக் சாம்பியன். இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் என்று தேசிய அணியில் நம் பெண்கள் வரிசையாக இருந்தார்கள். இதற்குப் பெரிய அகாடமி எதுவும் காரணமில்லை. கடலூரில், திண்டுக்கல்லில், மதுரையில் சில பயிற்சியாளர்களும் சில பள்ளி, கல்லூரிகளும் வருஷக்கணக்கில் விடாமல் நடத்தியதுதான்.

இளையோர் பெண்கள் அணி பற்றி இந்த இழையில் யாரும் இதுவரை ஒரு வரி எழுதவில்லை. 2022 அண்டர்-17 பெண்கள் உலகக் கோப்பையும் நம் நாட்டில்தான் நடந்தது. புவனேஸ்வரில் அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. போட்டிக்கு ரெண்டு மாதம் முன்னால் ஆகஸ்டில் ஃபிஃபா நம் ஃபெடரேஷனையே தடை செய்து, உலகக் கோப்பையே கைவிட்டுப் போய்விடும் என்ற நிலை. பதினொரு நாளில் தடை நீங்கியது. அந்தப் பிள்ளைகள் எந்த மனநிலையில் பயிற்சி செய்திருப்பார்கள்? அதையெல்லாம் மறந்துவிட்டு 16 கோல் வாங்கினார்கள் என்று மட்டும் பேசினார்கள்.

என்னை இன்றைக்கும் கொதிக்க வைப்பது ஸ்கோர் இல்லை. அந்தப் பெண்களில் பலர் ஜார்க்கண்ட் கிராமங்களிலிருந்து வந்தவர்கள், கேப்டன் அஸ்தம் ஒராவ்ன் உட்பட. வருஷத்தில் சில மாதம் முகாம், போட்டி, அப்புறம் அனுப்பிவிட்டார்கள். 2017 ஆண்கள் அணிக்காவது ஆரோஸ் இருந்தது.

ஆனாலும் 2025-ல் பாருங்கள். அண்டர்-20 பெண்கள் மியான்மரை 1-0 ஜெயித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி, இருபது வருஷத்துக்குப் பிறகு. அக்டோபரில் பிஷ்கெக்கில் அண்டர்-17 பெண்கள் உஸ்பெகிஸ்தானை 2-1 ஜெயித்துத் தகுதி. டாஷ்கண்ட் ரசிகன் புகழ்கிற அதே உஸ்பெகிஸ்தான். அகமதாபாத் வெற்றிக்குக் கிடைத்த கைதட்டலில் பாதியாவது இதற்குக் கிடைத்திருக்க வேண்டாமா?

டாஷ்கண்ட் ரசிகன்

நியாயம் அக்கா. பிஷ்கெக் மேட்ச் பற்றித் தனி இழை நானே ஆரம்பிக்கிறேன்.

பழைய விசில்

இளையவர்களுக்கு ஒரு விவரம். ஈரானை இளையோர் அணி எதிர்கொள்வது எங்கள் தலைமுறைக்கு வேறு நினைவைத் தரும். 1974, பாங்காக், ஆசிய இளையோர் சாம்பியன்ஷிப் இறுதி. ஷபீர் அலி தலைமையில் ஆடிய இந்தியா ஈரானோடு 2-2 சமன் செய்து கோப்பையைப் பகிர்ந்துகொண்டது. ஆசிய அளவில் நம் இளையோர் அணி வாங்கிய பெரிய பட்டம் இன்றுவரை அதுதான்.

அந்தக் காலத்தில் அணியில் இருந்தவர்கள் ஊருக்குத் திரும்பியதும் ஆடக் களம் இருந்தது. கல்கத்தா லீக், ஹைதராபாத், பம்பாய், சென்னை என்று எல்லா ஊரிலும் வங்கி அணி, ரயில்வே அணி, போலீஸ் அணி, துறைமுக அணி. பத்தொன்பது வயதுப் பையனுக்கு வேலையும் கிடைத்தது, வாரம் ரெண்டு மேட்சும் கிடைத்தது. பணம் குறைவு, பயிற்சி முறை பழசு, அதையும் சொல்லவேண்டும். ஆனால் மேட்ச் இருந்தது.

கார்னர் கொடி

ஐயா சொன்னது எனக்குப் புதிய கோணம். ஆக ஆரோஸ் என்பது இல்லாமல் போன அந்த நிறுவன அணிகளின் இடத்தை நிரப்ப வந்ததுதான். நான் அப்படி யோசித்ததில்லை.

இருந்தாலும் ஒரு எச்சரிக்கை. 2018 ஆகஸ்ட் ஞாபகமிருக்கா? ஸ்பெயினில் கோட்டிஃப் கோப்பையில் நம் அண்டர்-20 அணி அர்ஜென்டினாவை 2-1 ஜெயித்தது. தீபக் டாங்ரி ஒன்று, அன்வர் அலி ஃப்ரீகிக்கில் ஒன்று, கடைசி அரைமணிக்கு மேல் பத்து பேர்தான். எதிர்ப்பக்கம் பயிற்சியாளர் ஸ்கலோனி. நாலு வருஷத்தில் அவர் கையில் கத்தார் உலகக் கோப்பை. அன்று ஊரே கொண்டாடியது. அடுத்த மாதமே பயிற்சியாளர் பிபியானோ பெர்னாண்டஸின் அண்டர்-16 அணி மலேசியாவில் நடந்த ஆசியப் போட்டியில் வியட்நாமை ஜெயித்து, ஈரானோடும் இந்தோனேசியாவோடும் கோலில்லாமல் சமன் செய்து, காலிறுதியில் தென்கொரியாவிடம் 0-1. அந்த ஒரு கோல் இல்லையென்றால் 2019 உலகக் கோப்பையில் நாம் இருந்திருப்போம், போட்டியை நடத்துகிற நாடு என்ற சீட்டில் இல்லாமல் சொந்தக் காலில். இந்த ரெண்டையும் வைத்து 2026-க்குள் சீனியர் உலகக் கோப்பை என்று எழுதினார்கள். எழுதியதோடு சரி.

இளையோர் வெற்றியை வைத்து சீனியர் கணக்குப் போடாதீர்கள் என்பதுதான் என் ஆரம்ப வாதமும்.

எட்டாம் நம்பர்

அதில் நமக்குள் சண்டையே இல்லை. அந்த 2018 அண்டர்-16 அணிதான் என் வாதத்துக்கே சிறந்த சாட்சி. அந்த அணியின் விக்ரம் பிரதாப் சிங் ஆரோஸில் ஆடிவிட்டுத்தான் மும்பை சிட்டிக்குப் போனார்.

சரி, ஆரோஸ் திரும்ப வராது என்றே வைத்துக்கொள்வோம். பிறகு என்ன கேட்கலாம்? ஐ-லீகிலும் அதற்குக் கீழே இருக்கிற டிவிஷன்களிலும் ஒவ்வொரு அணியும் எப்போதும் ரெண்டு அண்டர்-20 பையன்களை மைதானத்தில் வைத்திருக்க வேண்டும் என்று விதி. பெஞ்சில் இருந்தால் கணக்கில் வராது. ஐ.எஸ்.எல். க்ளப் ஒரு 18 வயசுப் பையனை எடுத்துப் பாதி சீசனில் குறிப்பிட்ட நிமிடம் ஆட வைக்காவிட்டால் ஜனவரியில் லோன் விட்டே ஆகவேண்டும்.

தூத்தூர்க்காரன்

சென்னை சீனியர் டிவிஷனிலயும் அந்த விதி வரணும். எங்க பசங்க முதல்ல கண்ணுல படுற இடம் அதுதான்.

புதுவை ஃபிசியோ

விதியில் ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன்: கட்டாயம் ஆட வைக்கிறோம் என்று 18 வயசுக் காலை வாரம் மூன்று மேட்ச் ஓட விடக்கூடாது. தேசிய அணி, க்ளப், மாநில அணி என்று மூன்று பக்கமும் ஒரே பையனை இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். அன்வர் அலிக்கு இதயக் கோளாறு தெரியவந்து, ஃபெடரேஷன் நிறுத்தி, டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் திரும்ப ஆட வந்தார். 2022 ஜூனில் ஹாங்காங்குக்கு எதிராகக் கோலும் போட்டார். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் அமையாது. 15 வயசு முகாமிலேயே இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துக் கோப்பில் வைப்பதுதான் ஆரம்பமாக இருக்கவேண்டும், மாநில முகாம்களிலும்.

கார்னர் கொடி

ரெண்டு பேர் விதியை ஆதரிக்கிறேன். ஐ.எஸ்.எல்.லுக்கு வேண்டாம், ஐ-லீகிலிருந்து கீழே மட்டும். மேலே கட்டாயப்படுத்தினால் 89-வது நிமிடத்தில் இறக்கிக் கணக்குக் காட்டுவார்கள்.

எட்டாம் நம்பர்

அதனால்தான் நிமிடக் கணக்கு என்றேன். ஆனால் ஐ-லீகிலிருந்து தொடங்கலாம், சம்மதம். ஆசியக் கோப்பையில் 16 அணிகள், காலிறுதிக்குப் போனால் நேராக அண்டர்-17 உலகக் கோப்பை. இப்போது அது 48 அணிப் போட்டி, வருஷா வருஷம் நடக்கிறது, ஆசியாவுக்கு இடமும் கூடியிருக்கிறது. போகிறார்களோ இல்லையோ, அதற்கடுத்த சீசனில் இந்தப் பையன்கள் ஒவ்வொருவரும் எந்த அணியில், எத்தனை நிமிடம் என்று நான் இந்த இழையிலேயே மாதாமாதம் பதிவிடப் போகிறேன். டாஷ்கண்ட் ரசிகன், மருதாணி, பிஷ்கெக் அணிக்கும் அதேபோல் செய்யலாமா?

மருதாணி

பெண்கள் பட்டியலை நான் எடுத்துக்கொள்கிறேன்.